அனுப்பியிருப்பீர்களா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் ஈரோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர் பாடம் நடத்தும்போது, லண்டன் குண்டுவீச்சு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். அதில், 1939-ல் பிரிட்டிஷ் அரசு லட்சக்கணக்கான குழந்தைகளை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பியதை "மிகத் திறமையாக நடந்த காரியம்" என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். ஒரு மாணவி எழுந்து, "அவங்க அம்மாவும் கூடப் போனாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். அன்றைக்குப் பிள்ளைகளாக இருந்தவர்கள் முதுமையில் சொன்ன நினைவுகள் நிறையக் கிடைத்தன. படிக்கப் படிக்கக் குழப்பம்தான். சிலர் அதைத் தங்கள் வாழ்க்கையின் நல்ல காலம் என்கிறார்கள். சிலர் அந்த வீடுகளைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை.

எனக்கு இரண்டு கேள்விகள். போர் நடக்கும் நாட்டில் ஒரு குழந்தை உண்மையிலேயே சந்தோஷமாக இருந்திருக்க முடியுமா? எனக்கு ஆறு வயதில் மகன் இருக்கிறான், அதனால் இரண்டாவதைக் கேட்கிறேன். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் உங்கள் குழந்தையை அனுப்பியிருப்பீர்களா?

எஸ்., ஈரோடு

*

அன்புள்ள எஸ்,

உங்கள் மாணவி கேட்டதை, கட்டுரை எழுதும்போது நானே கேட்டிருக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை நாள் என்று மேலிருந்து பார்த்து எழுதிய வரி அது. திருத்திவிடுகிறேன்.

அம்மா கூடப் போகவில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் தாயோடு போனார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளை ஆசிரியர்கள், உங்களைப் போன்றவர்கள்தான், பள்ளியோடு பள்ளியாக ரயிலேற்றிக் கூட்டிப் போனார்கள். 1939 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. போர் அறிவிப்பு வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. மூன்றே நாளில் சுமார் 15 லட்சம் பேர் நகரங்களை விட்டுப் போனார்கள். அதில் பாதிக்கு மேல் தாய் தகப்பன் துணையில்லாத பள்ளிப் பிள்ளைகள். கோட்டில் பெயரும் பள்ளியும் எழுதிக் கட்டிய சீட்டு, தோளில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, அதற்குள் நச்சுவாயு முகமூடி. பிள்ளை எந்த ஊருக்குப் போகிறது என்று பெரும்பாலான தாய்மார்களுக்கு அன்று தெரியாது. போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து பிள்ளை ஒரு தபால் அட்டை போடும். அது வந்தால்தான் வீட்டுக்கு முகவரி தெரியும்.

கிராமத்தில் இறங்கியதும் நடந்ததைத்தான் நான் எழுதாமல் விட்டேன். பல ஊர்களில் பிள்ளைகளை ஊர் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ வரிசையாக நிறுத்தினார்கள். வீட்டில் இடம் கொடுக்கச் சம்மதித்தவர்கள் வந்து, சந்தையில் கன்று பார்ப்பதுபோல் சுற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். திடமான பையன்களை விவசாயிகள் முதலில் கேட்டார்கள். சுத்தமாக உடுத்தியிருந்த சிறுமிகளும் சீக்கிரம் போய்விட்டார்கள். தம்பியின் கையை விடாமல் நின்ற அக்காவை யாரும் கேட்கவில்லை, இரண்டு பேராயிற்றே. அரசு ஒரு பிள்ளைக்கு வாரம் பத்தரை ஷில்லிங் கொடுத்தது. ஒன்றுக்கு மேல் வைத்துக்கொண்டால் தலைக்கு எட்டரைதான். அண்ணன் தங்கைகளைப் பிரித்து வெவ்வேறு வீடுகளுக்கு அனுப்பினார்கள். இருட்டும்வரை யாரும் கூப்பிடாமல் நின்ற பிள்ளைகளை அதிகாரிகள் வீடு வீடாகக் கூட்டிப்போய்க் கதவைத் தட்டினார்கள். அப்படிக் கடைசியில் நின்றவர்கள் வயதான பிறகும் வீட்டின் பெயரை மறந்திருக்கிறார்கள், அந்த மண்டபத்தை மறக்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் நாடு முழுக்கப் பெரிய பேச்சாக இருந்தது, இந்தப் பிள்ளைகள் படுக்கையை நனைக்கிறார்கள் என்பதுதான். நகரத்துச் சேரிப் பிள்ளைகள், வளர்ப்பு சரியில்லை என்று பத்திரிகைகளில் புகார். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் அவர்கள். கூடுதலாகத் துணி துவைக்க வேண்டியிருக்கிறது என்று அரசு பிறகு அதற்காகவே தனிப் பணம் கொடுத்தது. அந்தப் பிள்ளை விடியற்காலையில் ஈரப் பாயோடு, திட்டு வாங்கப்போகிறோம் என்று தெரிந்து, அந்நிய வீட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். அந்த டிசம்பரிலேயே ஜான் பௌல்பி, இமானுவேல் மில்லர், டொனால்ட் வினிகாட் என்ற மூன்று மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். மிகச் சிறிய குழந்தைகளைத் தாயிடமிருந்து நீண்ட நாள் பிரிப்பது மனத்தைக் கடுமையாகப் பாதிக்கும் என்ற எச்சரிக்கை அது. கேம்பிரிட்ஜில் சூசன் ஐசக்ஸ் தலைமையில் ஒரு குழு, லண்டனிலிருந்து வந்த பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து இரண்டு தலைப்பில் எழுதச் சொன்னது. இந்த ஊரில் எனக்குப் பிடித்தது, இங்கே நான் இழந்தது. இழந்ததில் அம்மா, அப்பா, வீடு, கூட்டாளிகள். பிள்ளைகளிடமே கேட்கலாம் என்று போருக்கு நடுவில் யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த குழந்தை உளவியலாளர் ஆனா ஃபிராய்டும் அவருடைய தோழி டாரதி பர்லிங்ஹாமும் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். குண்டு விழுந்த வீடுகளிலிருந்து வந்த குழந்தைகளை நாள்தோறும் கவனித்துக் குறித்து வைத்தார்கள். தாய் பக்கத்தில் இருந்து, அவள் பதறாமலும் இருந்துவிட்டால், குண்டுச் சத்தத்தைக் குழந்தை தாங்கிக்கொண்டது. பத்திரமான ஊருக்குத் தனியாக அனுப்பப்பட்ட குழந்தைதான் உடைந்துபோனது.

உங்கள் முதல் கேள்விக்குப் பதிலே இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். குழந்தைக்குப் போர் என்பது வரைபடத்தில் நகரும் கோடு இல்லை. இன்றைக்கு ராத்திரி பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதுதான். சரியான வீட்டில் போய் விழுந்த பிள்ளைக்கு அது உண்மையிலேயே நல்ல காலம். பால் மாட்டிலிருந்து வருகிறது என்று அங்கேதான் பார்த்தார்கள். மரத்திலிருந்து பறித்து ஆப்பிள் தின்றார்கள். இடம் கொடுத்த பெண்மணியைச் சாகும்வரை இன்னொரு தாயாக நினைத்தவர்கள் உண்டு. நகரத்திலேயே இருந்த பிள்ளைகளுக்கும் சந்தோஷம் இருந்தது. குண்டு விழுந்த மறுநாள் காலை தெருவில் இன்னும் சூடு ஆறாத உலோகச் சில்லுகளைப் பொறுக்கிப் பள்ளியில் பண்டமாற்றுச் செய்தார்கள். தீக்குண்டின் வால் கிடைத்தவன் அன்றைக்கு ராஜா. பறக்கும் விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று நிழலுருவைப் பார்த்தே சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தை நாம் சந்தேகப்பட வேண்டாம். அதை மட்டும் காட்டி, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பெரியவர்கள் சொல்லும்போதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அரசு நன்றாகச் செய்தது ஒன்று உண்டு. முன்பு எழுதிய அந்தப் பாராட்டை இதற்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். 1940 ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி ரேஷனுக்கு வந்தன. 1942 ஜூலையில் மிட்டாயும். வாரத்துக்குச் சுமார் 85 கிராம்தான் என்பதால் கடை வாசலில் நின்று எதை வாங்குவது என்று பிள்ளைகள் வெகுநேரம் யோசித்தார்கள். வாழைப்பழ இறக்குமதி 1940 கடைசியில் நின்றுபோனது. ஐந்து வருடம் கழித்து முதல் கப்பல் வந்தபோது அதைப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கினார்கள், எப்படி உரிப்பது என்று தெரியாத பிள்ளைகளுக்கு. ஆனால் இந்தத் தட்டுப்பாட்டுக்குள்ளேயே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பச்சை நிற ரேஷன் புத்தகம் கொடுத்தார்கள். பச்சைப் புத்தகம் என்றால் தினமும் அரை லிட்டருக்குச் சற்று அதிகமான பால், பழம் வந்தால் முதல் உரிமை. ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் சேர்ந்தன. ஏழைக்குப் பால் இலவசம். பள்ளியில் மதியச் சாப்பாடு பல மடங்கு பெருகியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிசு மரணம் போரின் தொடக்கத்தில் கூடினாலும், 1945-ல் ஆயிரத்துக்கு 46 என்று, போருக்கு முந்தைய அளவைவிடக் கீழே இறங்கியிருந்தது. அதுவரை வயிறு நிறையாத லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு வேளைக்குப் பால் கிடைத்தது, குண்டு விழுந்த அந்த வருடங்களில்தான்.

இதே போர் நம் ஊரையும் தொட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும், சென்னையே காலியாகிக் கிளம்பியது. என் பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. தாத்தா, அதாவது பாட்டியின் அப்பா, வேலைக்காக மயிலாப்பூரிலேயே தங்கிவிட்டார். பாட்டி தன் அம்மாவோடும் இரண்டு தம்பிகளோடும் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அத்தை வீட்டுக்குப் போனார். "எவாக்குவேஷன்" என்ற இங்கிலீஷ் வார்த்தையை அவர் கடைசிவரை அப்படியேதான் சொன்னார், முகம் மலர. வறண்டு கிடந்த காவிரியில் ஜூன் மாதம் புதுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்ததை அத்தை பிள்ளைகளோடு கரையில் ஓடி ஓடிப் பார்த்தாராம். போர் என்றால் அவருக்கு அதுதான். லண்டன் பிள்ளைக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம், கையைப் பிடித்துக்கொண்டு அம்மா கூட இருந்தாள்.

சரி, இரண்டாவது கேள்வி. என் மகளுக்கு இப்போது ஏழு வயது. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பத்திரம் என்று நினைத்து அனுப்பியது பத்திரமாக இல்லாமலும் போயிருக்கிறது. கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 பிள்ளைகள் "சிட்டி ஆஃப் பெனாரஸ்" என்ற கப்பலில் போனார்கள். நம் காசியின் பெயர் கொண்ட கப்பல். மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். 1940 செப்டம்பர் 17 இரவு ஜெர்மன் நீர்மூழ்கி அதைத் தாக்கியதில் அந்தப் பிள்ளைகளில் 77 பேர் இறந்தார்கள். ஒரு படகில் ஆறு சிறுவர்களும் சுமார் நாற்பது பெரியவர்களும் எட்டு நாள் அட்லாண்டிக்கில் மிதந்தார்கள், அந்தப் பெரியவர்களில் அதிகம் பேர் நம் மாலுமிகள்தான். கூட வந்த மேரி கார்னிஷ் என்ற பெண் தினமும் ஒரு கதையைத் தொடர்ந்து சொல்லியே சிறுவர்களைத் தெம்பாக வைத்திருந்தார். ஆறு பேரும் பிழைத்தார்கள்.

வீட்டில் வைத்துக்கொண்டதும் பத்திரமில்லை. 1940 செப்டம்பர் 7 முதல் லண்டன்மேல் 57 இரவு தொடர்ந்து குண்டு விழுந்தது. போர் முடிவதற்குள் பிரிட்டனில் 7,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் குண்டுவீச்சில் இறந்தார்கள். அவர்களில் திருப்பி அழைத்துவரப்பட்ட பிள்ளைகளும் உண்டு. ஆனா ஃபிராய்ட் எழுதியதைப் படித்துவிட்டு, அனுப்பியிருக்கவே கூடாது என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் அனுப்பியிருப்பேன். விஷவாயுவும் குண்டும் நாளைக்கே வருகிறது என்று அரசும் பத்திரிகையும் பள்ளித் தலைமை ஆசிரியரும் சொல்லும்போது, மாட்டேன் என்று நிற்கும் துணிச்சல் எனக்கு இருந்திருக்காது. கோட்டில் சீட்டைக் கட்டிவிட்டு, தபால் அட்டைக்காக வாசலில் நின்றிருப்பேன். கிறிஸ்துமஸுக்குள் போய்க் கூட்டிக்கொண்டும் வந்திருப்பேன். அந்தத் தாய்மார்களும் அதைத்தான் செய்தார்கள். ஹிட்லரின் ஆவி ஒரு தாயின் காதில் "திரும்பக் கூட்டிப் போ" என்று ஓதுவதுபோல் சுவரொட்டி ஒட்டிப் பார்த்தது அரசு. அவர்கள் கேட்கவில்லை. உங்கள் மாணவியிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மா கூடப் போகவில்லை. ஆனால் 1940 ஜனவரிக்குள், போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.

அன்புடன்.