தப்பு வந்தால் நோட்டைக் கிழிக்கிறாள்: டபுள் ப்ரமோஷன் கொடுக்கலாமா?

உங்கள் மகளுக்கு டபுள் ப்ரமோஷன் (ஒரு வகுப்பைத் தாண்டி மேல் வகுப்பில் சேர்ப்பது) இப்போதைக்கு வேண்டாம். மூன்றாம் வகுப்பிலேயே ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் போடுகிறாள், சரி. ஆனால் ஒரு விடை தப்பானால் நோட்டைக் கிழிப்பது, புதிதாக எதையும் தொட மாட்டேன் என்று அழுவது, இதெல்லாம் மேல் வகுப்பில் உட்கார வைத்தால் தீராது.

காரணம் பாராட்டாக இருக்கலாம். "இவ ஜீனியஸ்" என்று பாட்டி முதல் டீச்சர் வரை சொல்லிச் சொல்லி, ஒரு தப்பு செய்தால் அந்தப் பட்டம் போய்விடும் என்று குழந்தைக்குப் பயம் வந்துவிடும். 1998-ல் முல்லர், ட்வெக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, கடினமான புதிரில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தது புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள்தான். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

ஒன்று செய்து பாருங்கள். உங்களுக்கும் அவளுக்கும் தெரியாத ஒரு விளையாட்டை எடுத்து, நீங்களும் தாராளமாகத் தப்பு செய்யுங்கள், மார்க் கிடையாது, வீடியோ எடுத்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதும் கிடையாது (அதை முதலில் நிறுத்துங்கள்). அவள் இளகினால் பயம் மற்றவர்கள் பார்வையைப் பற்றியது. தனியாக இருக்கும்போதும் கிழிக்கிறாள் என்றால் விஷயம் வேறு.

டபுள் ப்ரமோஷனே கெடுதல் என்று சொல்லவில்லை, தயாராக இருக்கும் பிள்ளைக்கு அது நல்லதாகவே அமையலாம். ஆனால் தூக்கம் கெடுகிறது, பள்ளி நாளில் மட்டும் வயிற்று வலி வருகிறது என்றால் என் யோசனையை விட்டுவிட்டு குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.