தாய்மாமனைக் கட்டியதால் வந்ததா இந்த ஜீன் கோளாறு?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. தாமதமாகத்தான் நடந்தாள், இன்னும் நாலைந்து வார்த்தைக்கு மேல் பேசவில்லை. சுண்டுவிரல் நகம் ரொம்பச் சிறியது. மரபணுப் பரிசோதனையில் 'ஏ.ஆர்.ஐ.டி. 1பி – குரோமாட்டினை மாற்றியமைக்கும் புரதம் – காஃபின் சிரிஸ் சிண்ட்ரோம்' என்று வந்திருக்கிறது. நான் தாய்மாமனைக் கட்டியதுதான் காரணம் என்கிறார்கள். அடுத்த குழந்தைக்கும் வருமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: இதற்கு உங்கள் திருமணம் காரணமில்லை அம்மா. சொந்தத்தில் கட்டினால் கூடும் ஆபத்து வேறு வகை. அதில் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான ஜீன் பிள்ளைக்கு வந்து சேர வேண்டும். இந்த ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். உங்கள் மகளுக்கு அந்த இரண்டில் ஒன்றில் மட்டும்தான் பழுது. அதுவும் பெரும்பாலும் கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக ஏற்படுவது. இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஒன்று நன்றாக இருந்தும் ஏன் பாதிப்பு? ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றி இறுக்கமாகச் சுருண்டு கிடக்கிறது. இந்தச் சுருளைத்தான் ரிப்போர்ட்டில் குரோமாட்டின் என்கிறார்கள். விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் சுருட்டி வைத்த துணியைப் பணியாள் எடுத்து விரித்தால்தானே டிசைன் தெரியும்? செல்லில் அந்த வேலையைப் பல புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டணி செய்கிறது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து ஹிஸ்டோன்களை நகர்த்தும், சில இடங்களில் கழற்றியே விடும். அப்போதுதான் அங்குள்ள ஜீனைப் படிக்க முடியும். ஏ.ஆர்.ஐ.டி. 1பி அந்தக் கூட்டணியில் ஓர் உறுப்பினர். ஒரு பிரதி பழுதானால் அந்தப் புரதம் பாதியளவே கிடைக்கும். சாதாரண நாளில் பாதி ஆட்களை வைத்துக் கடையை ஓட்டிவிடலாம், தீபாவளிக் கூட்டத்தில் முடியாது. கருவில் மூளை வளர்வது அப்படியொரு நேரம். ஆயிரக்கணக்கான ஜீன்கள் உரிய வேளையில் திறக்கவும் மூடவும் வேண்டும். பேச்சு, தசை வலு, விரல் நகம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் குறை தெரிவது இதனால்தான். 1970-இல் விவரிக்கப்பட்ட காஃபின் சிரிஸ் நோய்க்கும் இந்த ஜீனுக்கும் உள்ள தொடர்பு 2012-இல்தான் தெரிய வந்தது.

பழுதைச் சரிசெய்யும் மருந்து இன்று இல்லை. 'ஜீனைத் தூண்டும் டானிக்' என்று யாராவது விற்றால் காசைக் கரியாக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியையும் பிசியோதெரபியையும் உடனே தொடங்குங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் ரிப்போர்ட்டைக் காட்டினால் வழி சொல்வார்கள். காது, கண், இதய எக்கோ, சிறுநீரக ஸ்கேன் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும், கவனம் தேவை. பேச்சு வரும்வரை சைகையும் படமும் பழக்குங்கள். அதனால் பேச்சு தள்ளிப்போகாது.

அடுத்த குழந்தை விஷயம். முதலில் நீங்கள் இருவரும் அதே மாற்றத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருவருக்கும் இல்லையென்றால் மறுபடி வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவுதான். ஒருவருக்கு இருந்தால் பாதிக்குப் பாதி. கருத்தரிக்கும் முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் கண்டறிய முடியும், ஆனால் மகளின் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். அதைப் பத்திரமாக வைத்திருங்கள். சொந்தத்தில் கட்டியவர் என்பதையும் ஆலோசகரிடம் மறக்காமல் சொல்லுங்கள், வேறு பரிசோதனைகள் தேவையா என்று அவர் பார்ப்பார்.