மழைக்காட்டுச் செடிதானே, அப்புறம் ஏன் அழுகுகிறது?

திருச்சி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: மலைக்குப் போனபோது சாலையோரத்தில் ஆர்க்கிட் செடி ஒன்று வாங்கினேன், அப்போது வேர் தடித்து வெள்ளி நிறமாக இருந்தது. மழைக்காட்டுச் செடி ஆயிற்றே என்று செம்மண், சாணி எரு கலந்த தொட்டியில் வைத்து இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். இலை மஞ்சளாகிறது, வேர் கறுக்கிறது. மாமரத்தில் கட்டலாம் என்றால், அது புல்லுருவி, மரம் பட்டுப்போகும் என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

முதலில் செடியை மண்ணிலிருந்து எடுங்கள், இன்றைக்கே. மழைக்காட்டின் தரைதான் எப்போதும் ஈரம், உங்கள் செடி தரையில் வாழ்ந்ததே இல்லை. உச்சியில் விழும் வெளிச்சத்தில் நூற்றில் இரண்டு பங்கு தரைக்கு வந்தாலே பெரிது, அதனால் வெளிச்சம் தேடி உயரத்தில் கிளையில் உட்கார்ந்துகொண்ட செடி இது. அங்கே மண் கிடையாது, மழை விட்டு வெயில் அடித்தால் பட்டை சீக்கிரமே காய்ந்துவிடும். அதைத் தாங்கத்தான் வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது, எல்லாம் இறந்த செல்கள். துளி பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் உள்ளிருக்கும் பச்சை தெரியும். அந்த வேரை எருமண்ணில் புதைத்தால் காற்றில்லாமல் அழுகத்தான் செய்யும்.

மாமியாரிடம் சொல்லுங்கள், புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்தி உறிஞ்சும், இது பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இனி சாலையோரத்தில் வாங்காதீர்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. பிய்ந்த வேர், அதில் ஒட்டிய மரப்பட்டைத் துணுக்கு, ஈரப்பாசி சுற்றிய கட்டு, இதெல்லாம் இருந்தால் அது காட்டில் பறித்த செடி. "எங்க தோட்டத்துச் செடிதாங்க" என்பார்கள், நம்பாதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதற்குள் உணவே கிடையாது, ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும், பூக்கப் பல வருடம் ஆகும், தோட்டத்தில் சும்மா விதைத்து வளர்த்துவிட முடியாது. காப்புக்காட்டில் பறிப்பது குற்றம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சில ஆர்க்கிட்களுக்குத் தனிப் பாதுகாப்பே உண்டு. ஆனால் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலைத் துழாவி எடுப்பவர்கள் பக்கத்திலேயே இருக்கும் செடிக் கட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை! ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் வந்த டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகை நர்சரிகளில் தாராளமாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

ஒன்று மட்டும் கவனம். எல்லா ஆர்க்கிட்டும் மரத்தில் வாழ்பவை அல்ல, தரையில் வளர்பவையும் உண்டு. அகத்தியமலைப் பக்கம் மட்டுமே இருக்கும் பாபியோபெடிலம் ட்ரூரி அப்படிப்பட்டது, மஞ்சள் பூ, செருப்பு மாதிரி குழிந்த இதழ், ஆசைப்பட்டுத் தோண்டியே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மாதிரிச் செடியைக் கிளையில் கட்டினால் காய்ந்து செத்துவிடும். உங்கள் செடியின் வேர் தடித்து வெள்ளி நிறமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் பயமில்லை.

சரி, வேரைக் கழுவி ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. தோல் வழுக்கிக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் சுத்தமான பிளேடால் வெட்டிவிடுங்கள். ஒரு நாள் நிழலில் உலரட்டும், பிறகு மாமரக் கிளையில் நேர் வெயில் படாத பக்கமாகத் தேங்காய் நாரால் கட்டுங்கள். தொட்டிதான் வேண்டுமென்றால் ஓட்டை நிறைய உள்ள மண்தொட்டியில் அடுப்புக்கரியும் ஓட்டுத்துண்டும் போதும், கடையில் "ஆர்க்கிட் மிக்ஸ்" என்று விற்கும் தேங்காய் நார்த்தூள் வேண்டாம், அது ஈரத்தை விடவே விடாது. காலையில் வேர் பச்சையாகும் வரை தண்ணீர் தெளியுங்கள், வெள்ளியாக மாறிய பிறகுதான் அடுத்த தண்ணீர். புது வேர் நுனி எட்டிப் பார்க்கும் வரை உரம் எதுவும் போடாதீர்கள்.