கீமோ நடக்கும்போது டாக்ஸி ஓட்டலாமா?

கேள்வி: வயது 49. சேலத்தில் சொந்த டாக்ஸி ஓட்டுகிறேன். பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸும் 14 நாள் கேப்சிடபின் மாத்திரையும் போகிறது. எட்டில் நான்கு கீமோ முடிந்துவிட்டது. முன்பெல்லாம் ஏசி காற்று பட்டால் விரல் சுரீரென்று இழுக்கும், நான்கைந்து நாளில் சரியாகிவிடும். இந்த முறை இரண்டு வாரம் ஆகியும் கால்விரலில் மதமதப்பு போகவில்லை. வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும். ஓட்டலாமா?

பதில்: நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன. விரல் இழுப்பது ஆக்சாலிபிளாட்டினால் உடனே வருவது. குளிர் பட்டதும் நரம்பு தாறுமாறாகத் துடிக்கிறது. தொண்டை, தாடையைக்கூடப் பிடிக்கும். டிரிப்ஸ் ஏறிய அன்றும் அடுத்த நான்கைந்து நாளும் வண்டியை எடுக்காதீர்கள். அதன் பிறகும் ஏசிக் காற்று கைக்கு நேராக அடிக்காதபடி திருப்பி வையுங்கள். விடியற்காலைச் சவாரிக்குப் பருத்திக் கையுறை போடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

இரண்டு வாரம் ஆகியும் போகாத மதமதப்புதான் எனக்குக் கவலை தருகிறது. மருந்து சேரச் சேர உணர்ச்சி நரம்பு சேதமாகிறது. மிக நீளமான நரம்புகள் என்பதால் கால்விரலில்தான் முதலில் தெரியும். காலில் பலம் அப்படியே இருக்கும். அதனால்தான் ஓட்ட முடியும் என்று தோன்றுகிறது. ஆனால் பாதம் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. பிரேக்குக்குப் போக வேண்டிய கால் ஆக்ஸிலரேட்டரின் ஓரத்தில் மாட்டும், அல்லது இரண்டையும் சேர்த்து மிதிக்கும். குனிந்து பெடலைப் பார்த்துத்தான் மிதிக்க வேண்டியிருக்கிறது என்றால் அன்றே நிறுத்திவிடுங்கள். ஆட்டோமேடிக் வண்டி இடது காலுக்குத்தான் ஓய்வு தரும். ஆபத்து வலது காலில்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. கண்ணை மூடி உட்காருங்கள். வீட்டார் ஒருவர் உங்கள் வலது கால் கட்டைவிரலை இரு பக்கவாட்டிலும் பிடித்து (மேலும் கீழும் பிடித்தால் அழுத்தமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்) சில மில்லிமீட்டர் மட்டும் மேலோ கீழோ அசைக்கட்டும். முறை மாற்றி மாற்றிப் பத்துத் தடவை. நரம்பு நன்றாக இருந்தால் பத்தும் சரியாகச் சொல்வீர்கள். இரண்டு தவறினாலும் ஓட்ட வேண்டாம். தேறினால், நிறுத்திய வண்டியில் எஞ்சினை அணைத்துவிட்டு, கீழே பார்க்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குப் பத்து முறை காலை மாற்றிப் பாருங்கள். ஒருமுறை மாட்டினாலும் சவாரி கிடையாது. ரப்பர் செருப்பு கழன்று பெடலுக்கு அடியில் சிக்கினால் மரத்த காலுக்குத் தெரியாது. மெல்லிய அடிப்பகுதியும் பின்வாரும் உள்ள காலணியே சரி.

மாத்திரைகளையும் பாருங்கள். வாந்திக்காக இரவில் ஓலன்சபின் தந்திருந்தால் மறுநாள் காலையும் தூக்கக் கலக்கம் இருக்கும். மதமதப்புக்கு என்று ப்ரீகாபலின் தொடங்கினால், அது எப்படி ஒத்துக்கொள்கிறது என்று தெரியும்வரை ஸ்டீயரிங் பக்கம் போகாதீர்கள். வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு தரும் டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், நிறுத்தியதும் உடல் தளரும். இரவு நீண்ட சவாரிகளை இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். கேப்சிடபினால் உள்ளங்கை சிவந்து உரிந்தால், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வு அதை இன்னும் கெடுக்கும். ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ வயிற்றுப்போக்கு போனால் கேப்சிடபின் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குப் பேசுங்கள். நீர்ச்சத்து குறைந்து தலைசுற்றும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே மருத்துவமனை, ஆனால் நீங்களே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

உடல் தகுதியில்லை என்று தெரிந்தே ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆவது பிரிவின்படி குற்றமும்கூட.

ஐந்தாவது கீமோவுக்கு முன் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்: மதமதப்பு போகவில்லை, என் தொழில் வண்டி ஓட்டுவது. 'மருந்தைக் குறைத்துவிடுவாரோ' என்று பயந்து பலர் மறைத்துவிடுகிறார்கள். மூன்றாம் நிலையிலேயே ஆபத்து குறைந்த பிரிவினருக்கு (கட்டி குடலின் வெளி உறையைத் துளைக்காமலும், பக்கத்து உறுப்பில் ஒட்டாமலும், புற்றுநோய் பரவிய நெறிக்கட்டி மூன்றுக்குள்ளும் இருந்தால்) நீங்கள் எடுக்கும் இதே கூட்டு மருந்தை ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம் கொடுத்தாலே கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கிறது. நரம்புச் சேதமோ வெகுவாகக் குறைகிறது. நீங்கள் முடித்த நான்கு கீமோ சரியாக அந்த மூன்று மாதம்தான். ஆபரேஷனில் எடுத்த குடலின் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய் 'நான் அந்தப் பிரிவில் வருகிறேனா?' என்று கேளுங்கள். இல்லையென்றாலும் ஆக்சாலிபிளாட்டினை மட்டும் குறைப்பது, அல்லது நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர்வது என்ற வழிகளும் உண்டு. மேலே சொன்ன வயிற்றுப்போக்கு தவிர வேறு எதற்காகவும் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

ஆக்சாலிபிளாட்டினை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதத்துக்கு மதமதப்பு கூடிவிட்டுத்தான் மெல்லக் குறையத் தொடங்கும். அந்தக் காலம் முழுக்கக் கட்டைவிரல் சோதனையை வாரம் ஒருமுறை செய்யுங்கள்.