விங் ஆடும் மகனுக்காக 529 பணத்தில் கை வைக்கலாமா?

கேள்வி: டல்லாஸ் அருகே வசிக்கிறோம். 11-ஆம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளிக் கூடைப்பந்து அணியில் விங் (பக்கவாட்டில் நின்று ஆடும் இடம்) ஆடுகிறான். உயரம் 6 அடி 4 அங்குலம், ஆட்டத்துக்குச் சராசரியாக 17 புள்ளி எடுக்கிறான். கிளப் கட்டணம், பயணம் என்று வருடத்துக்கு 9,000 டாலர் செலவாகிறது. இப்போது, கல்லூரிக் கோச்சுகளிடம் வீரர்களை அறிமுகப்படுத்தும் ஒரு ரெக்ரூட்டிங் நிறுவனம் 4,000 டாலர் கேட்கிறது. அவனுடைய 529 கணக்கில் (கல்விச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) 85,000 டாலர் இருக்கிறது. அதில் நாங்கள் போட்டது 51,000. கல்லூரி விளையாட்டின் மேல் மட்டமான டிவிஷன் ஒன்னில் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் இந்தப் பணம் மிச்சம்தானே? அதிலிருந்து 10,000 எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், எடுக்காதீர்கள். கிளப் கட்டணம் 529-இல் அனுமதித்த கல்விச் செலவு ஆகாது. கணக்கிலுள்ள 85,000-இல் 34,000, அதாவது 40 சதவீதம், முதலீட்டு வளர்ச்சி. அதனால் நீங்கள் எடுக்கும் 10,000-இல் 4,000 டாலர் வளர்ச்சிப் பணமாகக் கணக்காகும். அதற்கு 10 சதவீத அபராதம் 400 டாலர். நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் வரி இன்னொரு 880. ஆக 1,280 டாலர் வீணாகப் போகும். உண்மையிலேயே ஸ்காலர்ஷிப் வந்துவிட்டால், அந்தத் தொகை அளவுக்கு அபராதமே இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம், வளர்ச்சிக்கு வரி மட்டும் கட்டினால் போதும். அதனால் காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

சரி, ஸ்காலர்ஷிப் வருமா? அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பையன்கள் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள். டிவிஷன் ஒன் வரை போவது நூற்றில் ஒருவர் அளவுதான். போதாக்குறைக்கு, வீரர்கள் கல்லூரி மாறப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு பல கோச்சுகள் வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடித் தேறிய 21, 22 வயதுக்காரர்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

17 புள்ளி நல்ல ஆட்டம்தான், அவன் உழைப்பு அதில் தெரிகிறது. ஆனால் 6 அடி 4 அங்குலம் பள்ளியில் விங் உயரம். டிவிஷன் ஒன்னில் அது கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் இடம்) ஆடுபவரின் உயரம். அங்கே பந்தைத் தட்டிக்கொண்டு போகவும் தெரிய வேண்டும், தொலைவிலிருந்து எறியும் த்ரீ பாயிண்ட்டும் நிலையாக விழ வேண்டும். பலமான அணிக்கு எதிராக அவன் ஆடிய ஒரு முழு ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம். பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்கிறான்? பந்தை எறியப்போகும் எதிரணி ஷூட்டரை நோக்கி ஓடும்போது கால் கட்டுப்பாட்டில் நிற்கிறதா, தாண்டிப் போய்விடுகிறானா? ஃப்ரீ த்ரோ சதவீதம் என்ன? அந்த எண், எறிதல் பின்னால் எவ்வளவு தேறும் என்பதற்கு நல்ல குறி.

இதைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. 10-ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் டிவிஷன் ஒன் கோச்சுகள் பையனை நேரடியாக அழைத்துப் பேசலாம். அந்தத் தேதி தாண்டிவிட்டது. உங்கள் கடிதத்தில் ஒரு கோச் அழைத்ததாகக்கூட இல்லை. பணம் கட்டிச் சேரும் கேம்ப்புக்கு வரும் அழைப்பை இதில் சேர்க்காதீர்கள். உதவி கோச் தானே போன் செய்து மதிப்பெண் பட்டியலைக் கேட்டால்தான் அக்கறை. உங்களிடம் கட்டணம் வாங்காத ஒருவரிடம், பள்ளிக் கோச்சிடமே, "இவன் எந்த மட்டத்தில் ஆடுவான்?" என்று நேராகக் கேளுங்கள்.

டிவிஷன் டூ, த்ரீ என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். டூவில் ஸ்காலர்ஷிப்பைப் பெரும்பாலும் பலருக்குப் பிரித்துத் தருவார்கள். த்ரீயில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. அங்கே அவன் ஜிபிஏதான் (மதிப்பெண் சராசரி) பணம். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். அதை நிரப்பி, கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையை இப்போதே பாருங்கள்.

அந்த 4,000-ஐக் கொடுக்காதீர்கள். முழு ஆட்ட வீடியோ, மதிப்பெண், ஆட்ட அட்டவணை மூன்றையும் இணைத்து மகனே கோச்சுகளுக்கு மின்னஞ்சல் எழுதட்டும்; இதற்குக் காசு தேவையில்லை. கிளப்பை மாதச் சம்பளத்திலிருந்து தாங்க முடிகிற அளவுக்கு மட்டும் தொடருங்கள். அடுத்த தவணை கட்டும் முன், கல்லூரிக் கோச்சுகள் நேரில் வந்து பார்க்க அனுமதியுள்ள நாட்களில் எந்தெந்தப் போட்டிகளில் அணி ஆடப்போகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.