எச்எல்ஏ ரிப்போர்ட் ரெண்டு லேப்ல ரெண்டு மாதிரி வந்தா யார் மேல கேஸ் போடுறது?

கேள்வி: பையனுக்கு 17 வயசு, பிளட் கேன்சர் குணமாகி மறுபடி வந்துருச்சு, போன்மேரோ மாத்தணும். முன்னாடியே ஒரு லேப்ல, போன்மேரோ குடுக்குறவங்களோட பொருந்துதான்னு பாக்குற எச்எல்ஏ டெஸ்ட்டை என்ஜிஎஸ் முறையில (ஜீனை மெஷின்ல எழுத்து எழுத்தா படிக்கிறது) எடுத்து அக்காவோட 10க்கு 10 மேட்ச்னு குடுத்தாங்க. நோய் திரும்பி வந்தப்புறம் இப்ப ஆஸ்பத்திரி வேற லேப்ல எடுத்தா 10க்கு 9தான், எச்எல்ஏ-ஏங்கிற ஜீன்ல பையனுக்கு ரெண்டு டைப்புக்கு பதிலா ஒரே டைப்தான் இருக்குன்னு வருது. மொத லேப் மேல கேஸ் போடலாமா சார்?

பதில்: சார், உங்க கோபம் புரியுது, ஆனா மொத லேப்புக்கு இப்ப நோட்டீஸ் அனுப்பாதீங்க, ஏன்னா தப்பு பண்ணது ரெண்டாவது லேப்பா கூட இருக்கலாம். ரெண்டாவது ரத்தம் நோய் திரும்பி வந்தப்புறம் எடுத்ததுன்னு எழுதியிருக்கீங்க, அதுதான் என்னை யோசிக்க வைக்குது. எச்எல்ஏ ஜீன் எல்லாம் 6வது குரோமோசோம்ல இருக்கு, சில பேருக்கு கேன்சர் செல்லுல அந்தப் பகுதியே ஒரு பக்கம் காணாமப் போயிடும், ரத்தம் முழுக்க அந்த செல்லா இருந்தா மெஷின் ஒரு டைப்பைத்தான் பாக்கும். இல்லன்னா டெஸ்ட்ல ஜீனை நிறைய காப்பி எடுக்குறப்ப ரெண்டு டைப்புல ஒண்ணு காப்பி ஆகாமலே விட்டுப் போயிருக்கலாம், என்ஜிஎஸ்லயும் இது நடக்கும்.

இதுக்கு நல்ல சாட்சி நீங்களும் உங்க வீட்டம்மாவும்தான். பையனுக்கு ஒரு டைப் உங்ககிட்டேருந்து, இன்னொண்ணு அம்மாகிட்டேருந்து வந்திருக்கணும். ஒரே டைப்னா அது ரெண்டு பேருக்குமே இருக்கணும் இல்லையா? உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட அது இல்லன்னா ரெண்டாவது ரிப்போர்ட் நிக்காது. அதனால டாக்டர்கிட்ட சொல்லி மூணாவது லேப்ல நாலு பேருக்கும் புதுசா எடுங்க, பையனுக்கு கன்னத்து உள்பக்கம் ஸ்வாப் எடுக்க முடியுமான்னு கேளுங்க. போன்மேரோ மாத்துறதுக்கு முன்னாடி புது சாம்பிள்ல ஒரு தடவை உறுதி பண்றது வழக்கம்தான், ஆஸ்பத்திரி மறுபடி எடுத்ததுல குறை இல்ல.

இன்னொண்ணு, ரெண்டு ரிப்போர்ட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகலன்னாலே தப்புன்னு கிடையாது. ஒரு லேப் ஒரே மாதிரி அலீல்களை (ஒரு ஜீனோட வெவ்வேற வடிவங்கள்) ஒரு குரூப்பா போட்டு கடைசில 'G'ன்னு எழுதும், இன்னொண்ணு முழுசா எழுதும், லேப் ஒப்பிட்டுப் பாக்குற அலீல் டேட்டாபேஸ் வெர்ஷனும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாறும். இதெல்லாம் கோர்ட்ல சேவைக் குறைபாடா நிக்காது. உங்களது அப்படி இல்ல, ஒரு டைப்பே காணோம், அது பெரிய விஷயம்.

இப்பவே ஒண்ணு செய்யுங்க. ரெண்டு லேப்புக்கும் ஸ்பீட் போஸ்ட்ல லெட்டர் போடுங்க, சீக்வென்ஸிங் ரா டேட்டாவையும் (மெஷின் படிச்ச மூலப் பதிவு) மீதி டிஎன்ஏவையும் அழிக்காம வைங்க, காப்பி குடுங்கன்னு. அப்புறம் லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்குற என்ஏபிஎல் சைட்ல போய் ஸ்கோப் (எந்தெந்த டெஸ்ட்டுக்கு அங்கீகாரம்ங்கிற லிஸ்ட்) பாருங்க, லேப்புக்கு அங்கீகாரம் இருக்கும், ஆனா எச்எல்ஏ டைப்பிங் அந்த லிஸ்ட்ல இருக்கணும், நிறைய பேர் லோகோவைப் பாத்து நம்பிடுறாங்க. அங்கீகாரம் வாங்குற லேப் மத்த லேப்களோட ஒப்பிட்டுப் பாக்குற டெஸ்ட்ல கலந்துக்கணும், அந்த ரிசல்ட்டையும் லெட்டர்லயே கேளுங்க.

மூணாவது ரிப்போர்ட்ல யார் தப்புன்னு தெரிஞ்சப்புறம் 2019 நுகர்வோர் சட்டப்படி உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், லேப் எந்த ஊர்ல இருந்தாலும் சரி. 2 வருஷம் டைம், குடுத்த பீஸ் 5 லட்சத்துக்குள்ளன்னா கோர்ட் பீஸ் கிடையாது. எல்லா மருத்துவ கேஸ்லயும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லன்னு 2010ல சுப்ரீம் கோர்ட் கிஷன் ராவ் கேஸ்ல சொல்லியிருக்கு, ஆனா இந்த விஷயத்துல நிபுணர் இல்லாம ஜெயிக்கிறது கஷ்டம், மூணாவது லேப்புல கையெழுத்து போடுற டாக்டர்கிட்ட விளக்கமா எழுதி வாங்கிக்கோங்க. டெஸ்ட் பீஸ், திரும்ப எடுத்த செலவு, மன உளைச்சல், இதுவரைக்கும் கேக்கலாம். தாமதத்துனால உடம்பு மோசமாச்சுன்னு கேக்கணும்னா அதை டாக்டர் எழுதிக் குடுக்கணும். கேஸ் பிறகு பாத்துக்கலாம், ஸ்வாப் இந்த வாரமே எடுத்துருங்க சார்.