பல்லைப் பிடுங்கும் முன் கதிர்வீச்சு அறிக்கையைக் காட்டுங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 58. டான்சில் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. நோய் திரும்பவில்லை. ஆனால் வாய் எப்போதும் வறண்டே கிடக்கிறது, சோறு தொண்டையில் நிற்கிறது, வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. இப்போது கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி வலிக்கிறது. பிடுங்கிவிடலாமா? - வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: பல்லை உடனே பிடுங்கிவிடாதீர்கள். கதிர் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துபோயிருக்கும். பல் எடுத்த குழி ஆறாமல், எலும்பு வெளியே தெரிந்து, செத்துப்போய், தாடை முறியும் அளவுக்கும் போகலாம். கீழ்த்தாடையில்தான் இது அதிகம். மூன்று வருடம் கடந்துவிட்டது என்பதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. ஆயுள் முழுக்க இருக்கும். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில், அந்தப் பல் இருக்கும் இடத்துக்கு எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) போனது என்று எழுதி வாங்குங்கள். 50 கிரேக்கு மேல் என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்தத் தாளோடு வாய், முகத்தாடை அறுவை நிபுணரிடம் போங்கள். வேர் சிகிச்சை செய்து, மேல்பகுதியை மட்டும் வெட்டி, வேரை அப்படியே விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் அதுவே நல்லது.

பல் சொத்தையானதற்கு முக்கியக் காரணம் எச்சில் வற்றியதுதான். அமிலத்தைத் தணித்துப் பல்லைக் காப்பது எச்சில். அது போனால் ஈறை ஒட்டிய இடத்திலிருந்தே பல் அரிக்கத் தொடங்கும். 5000 பிபிஎம் ஃபுளோரைடு பேஸ்ட்டை மருத்துவர் சீட்டோடு வாங்குங்கள். இரவில் துலக்கியதும் துப்பிவிட வேண்டும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. பகலில் சாப்பிட்ட பிறகெல்லாம் கொப்பளிக்க, ஆறவைத்த ஒரு லிட்டர் வெந்நீரில் உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன் கலந்து, அன்றன்றைக்குப் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வறட்சியைக் கூட்டும், வேண்டாம்.

நம் ஊர் ஜவ்வரிசிக் கஞ்சி தொண்டையில் வழுக்கி இறங்கும். ஆனால் மாவுச்சத்து பல்லில் ஒட்டும், குடித்ததும் கொப்பளிக்க வேண்டும். தட்டுவடை செட்டை விடச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் அதன் காரமும் கூர்விளிம்பும் வறண்ட வாயைப் புண்ணாக்கிவிடும். புளிப்பு மாங்காயும் வேண்டாம்.

வாய் 35 மில்லிமீட்டருக்குக் கீழே திறந்தால் பயிற்சி கட்டாயம். தட்டையான ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, வலியில்லாத பக்கத்துப் பற்களுக்கு இடையே இறுக்கமாக நுழையும் அளவு வையுங்கள். நடுவில் இன்னொரு குச்சியை மெதுவாகச் செருகி 30 விநாடி நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு ஐந்து முறை, நாளுக்கு மூன்று தடவை. இழுக்கும் உணர்வு இருக்கலாம், சுரீரென்ற வலி வரக் கூடாது. பல் பிரச்சினை தீர்ந்த பிறகே, மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். திடீரென்று வாய் சுருங்கியிருந்தால் முதலில் நோய் திரும்பியதா என்று பார்க்க வேண்டும்.

சோறு நிற்பதற்குக் காரணம் தொண்டைத் தசைகள் நார்போல இறுகுவது. ரசமோ தயிரோ விட்டு நன்றாகக் குழைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று: உணர்வு மழுங்கிய தொண்டையில் உணவு இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் போகலாம். அடிக்கடி காய்ச்சல், சளி, எடை குறைவு இருந்தால் பேரியம் விழுங்கும் எக்ஸ்ரே எடுத்து, விழுங்கும் பயிற்சியாளரைப் பாருங்கள்.

கழுத்தில் கதிர் பட்டதால் தைராய்டும் மெல்லக் குறையலாம். வருடத்துக்கு ஒருமுறையாவது டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். புதுக் கட்டி, ஒரு பக்கக் காதுவலி, வாயில் ரத்தம், எலும்பு தெரியும் புண் என்று ஏதாவது வந்தால், அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.